நன்றியுரை: மரபும் முறையும்

கல்லூரி விழா எதுவாயினும் அதன் நிகழ்ச்சி நிரலில் கடைசிக்கு முந்திய வரியில் 'நன்றியுரை' என்னும் சொல் அச்சாகியிருக்கும். கிராஅத், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், சிறப்புரை, பரிசளிப்பு என ஒழுங்காக நடந்து வரும் நிரல் நன்றியுரையை எட்டும்பொழுது அவையின் நிலை என்னவாக இருக்கும் என்பதைத் தமிழ்த்துறையினர் நன்கறிவர். சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பின்வரிசை நாற்காலிகள் நகரும் ஓசை கேட்கும். வெளியூர்ப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய மாணவியர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாயிற்படியில் நிற்பர். அந்நேரத்தில் துறையின் இளம் விரிவுரையாளர் ஒருவர் கையில் நான்காக மடித்த தாளுடன் ஒலிவாங்கியின் முன் வந்து நிற்பார். தாளில் முப்பது பெயர்கள் இருக்கும். அவற்றை அவர் படிக்கும் வேகம், தொடர்வண்டி நிலையத்தில் அறிவிப்புச் செய்வாரின் வேகத்தை ஒத்திருக்கும். பிறகு நாட்டுப்பண். அவை கலையும்.

அந்தத் தாளுடன் நின்றவர்களுள் நாமும் ஒருவர். ஒருமுறையன்று, பலமுறை. ஆகவே பிறரைக் குறை கூறும் நோக்கத்துடன் இதனை எழுதவில்லை. நம் துறையின் முத்தமிழ் விழாவுக்கு உதவியோர்க்கு நன்றி கூறி ஒரு பக்கம் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் பணித்தனர். எழுத அமர்ந்தபொழுது, நன்றியுரை என்பது யாது, அதனை யாருக்கு, எவ்வாறு கூறுவது முறை என்னும் வினாக்கள் எழுந்தன. அவற்றுக்கு விடை தேடியதில் ஒரு பக்கம் போதாமல் போயிற்று. மலர்க்குழுவினர் பொறுத்துக்கொள்வார்களாக.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'நன்றி' என்றால் இன்று நாம் ஒருவர் செய்த உதவியை நினைந்து உள்ளம் கொள்ளும் உணர்வைக் கருதுகிறோம். பழந்தமிழில் அச்சொல்லின் பொருள் அதுவன்று. நன்றி என்பது நன்மை, நற்செயல், பயன். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றியறிதல்' என்று பெயர். பிறர் செய்த நன்மையை அறிதல் என்பதே அத்தொடரின் பொருள். அங்கே நன்றி செய்தவரிடம் இருக்கிறது. பெற்றவரிடம் இருப்பது அறிதல். நாளடைவில் செய்தவரிடமிருந்த சொல் பெற்றவரிடம் இடம் மாறிவிட்டது. இம்மாற்றம் பிழையன்று, மொழியின் இயல்பு. ஆயினும் பழைய பொருளை நினைவிற்கொண்டு 'நன்றியுரை' என்னும் தொடரைப் பிரித்தால் ஓர் உண்மை விளங்கும். நன்றியுரை என்பது நன்மையை உரைப்பது. இன்னார் இன்னது செய்தார் என்று எடுத்துச் சொல்வது. பெயரை மட்டும் படித்து 'அவர்களுக்கும் நன்றி' என்று முடிப்பதில் நன்மை உரைக்கப்படவே இல்லை.

அரபு மொழியில் இதற்கு நேரான சொல் 'ஷுக்ர்'. 'ஹம்து' என்னும் சொல்லும் உண்டு. இரண்டையும் நாம் ஒன்றாகவே கருதிவிடுகிறோம். அரபு அகராதியாளர்கள் வேறுபடுத்துவர். ஒருவரது பண்பைப் போற்றுவது ஹம்து. அவரால் நமக்கு ஒன்றும் கிடைக்காதபோதும் போற்றலாம். ஷுக்ர் என்பதோ பெற்ற நன்மைக்காகக் கூறப்படுவது. தின்ற தீவனம் சிறிதேயாயினும் அதன் பயன் உடலில் தெரியும்படி கொழுத்து நிற்கும் கால்நடையை அரபியர் 'ஷகூர்' என்று அழைத்தனர் என்பதும் அகராதிகளில் காணப்படும் செய்தி. பெற்றதை வெளியே தெரியும்படி காட்டுவதே ஷுக்ர். இதன் எதிர்ச்சொல் 'குஃப்ர்'. அதன் வேர்ப்பொருள் மூடுதல். விதையை மண்ணால் மூடுகின்ற உழவனுக்கும் அவ்வேரிலிருந்தே ஒரு பெயர் உண்டு. ஆக, நன்றி மறத்தல் என்பது ஒருவர் செய்த நன்மையின் மீது மண்ணைத் தள்ளி மூடுவது. நன்றி கூறல் என்பது அதனைத் திறந்து காட்டுவது. மனிதர்க்கு நன்றி செலுத்தாதவன் இறைவனுக்கு நன்றி செலுத்தியவனாகான் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், திர்மிதீ ஆகிய தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. அதனை இவ்வேர்ப்பொருளோடு சேர்த்துப் படிக்கும்போது அதன் ஆழம் கூடுகிறது.

நன்மையை உரைக்கும் இவ்வழக்கம் தமிழில் மேடையோடு வந்ததன்று. நூலோடு வந்தது. ஒரு நூலுக்குப் பாயிரம் அமைய வேண்டிய முறையைக் கூறும் நன்னூல், ஆக்கியோன் பெயர் முதலிய எட்டினைச் சொல்லி, அவற்றோடு காலம், களம், காரணம் ஆகிய மூன்றினையும் சேர்த்துப் பதினொன்றாகக் கூறுவாரும் உளர் என்கிறது. களம் என்பது நூல் அரங்கேறிய அவை. காரணம் என்பது நூல் எழக் காரணமாயிருந்தது. அது ஒரு புரவலரின் வேண்டுகோளாகவும் இருக்கலாம். இடம் கொடுத்தவரும் பொருள் கொடுத்தவரும் நூலின் வாயிலிலேயே குறிக்கப்பட வேண்டும் என்பது இதனால் பெறப்படும். தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் இயற்றிய சிறப்புப்பாயிரம், அவை கூட்டிய நிலந்தரு திருவிற் பாண்டியனையும் அந்நூலைக் கேட்டு ஆராய்ந்த அதங்கோட்டாசானையும் நமக்கு அறிவிக்கிறது. இன்றைய மொழியில் சொன்னால், ஒருவர் புரவலர், மற்றவர் நடுவர்.

எட்டுத்தொகை நூல்களின் தொகுப்புக் குறிப்புகள் இன்னும் சுவையானவை. தொகுத்தவர் ஒருவர், தொகுப்பித்தவர் ஒருவர் என இரண்டு பெயர்களை அவை தனித்தனியே காக்கின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப் பெருவழுதி. உழைத்தவர்க்கு ஒரு வரி, உதவியவர்க்கு ஒரு வரி. ஆனால் எல்லா நூல்களுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. நற்றிணையைத் தொகுப்பித்தவன் பன்னாடு தந்த பாண்டியன் மாறன் வழுதி என்று தெரிகிறது. தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்று தெரிகிறது. தொகுப்பித்தவர் பெயர் இல்லை. புறநானூற்றுக்கோ இரண்டும் இல்லை. நானூறு பாடல்களை ஓலை ஓலையாகத் தேடிச் சேர்த்த ஒருவர் இருந்தே இருக்க வேண்டும். அவர் பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. புறநானூற்றைப் பாடம் நடத்தப் புத்தகத்தைத் திறக்கும்பொழுதெல்லாம் அப்பெயரில்லாதவர் நம் நினைவுக்கு வருவதுண்டு.

புரவலரை நூலின் உள்ளேயே வைத்துப் பாடியதற்குக் கம்பர் சான்று. திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலை நூறு பாடலுக்கு ஒருமுறை பாட விரும்பினார் என்றும், அவையோர் அது மிகை எனவே ஆயிரத்துக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டார் என்றும் செவிவழிக் கதை உண்டு. கதை எவ்வாறாயினும், இராம காதையின் ஊடே சடையப்பர் சில இடங்களில் உவமையாக வந்து நிற்பது மெய். ஆயிரத்துக்கு ஒன்று என்னும் கணக்கைக் கூறும் அக்கதையில் நன்றியுரைக்கு ஓர் அளவும் இருக்கிறது. நம் விழாக்களில் இவ்வளவு பல நேரங்களில் தலைகீழாகிவிடுகிறது.

இனி நம் துறைக்கு மிக நெருங்கிய சான்றுக்கு வருவோம். உமறுப் புலவர் பதினேழாம் நூற்றாண்டில் இயற்றிய சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்றத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்களும் 5027 விருத்தப் பாக்களும் கொண்டது. அந்நூல் தோன்றக் காரணமானவர் யார் என்று நம் மாணவர் எவரைக் கேட்டாலும் 'வள்ளல் சீதக்காதி' என்றே விடை வரும். கீழக்கரையில் வாழ்ந்த ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயரே சீதக்காதி. பெருவணிகர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாகக் காண விரும்பி உமறுவைத் தூண்டியவர் அவர் என்பது மரபு. மார்க்க மேதை சதக்கத்துல்லா அப்பாவிடம் வரலாற்றுச் செய்திகளைக் கேட்டறிய உமறு சென்றதும், முதலில் மறுக்கப்பட்டதும், பின்னர் இசைவு கிடைத்ததும் அம்மரபின் பகுதிகள். நூல் முடியுமுன் சீதக்காதி மறைந்தார். அதன்பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார்.

இப்போது நூலைத் திறந்து பாருங்கள். அபுல் காசிம் பல இடங்களில் வருகிறார். மழையைப் பாடும்போதும் வளத்தைப் பாடும்போதும் அவரது கொடை உவமையாகிறது. கம்பர் சடையப்பருக்குச் செய்ததை உமறு அபுல் காசிமுக்குச் செய்திருக்கிறார். ஆனால் சீதக்காதியின் பெயரை அந்நூலில் தேடிக் காண முடியவில்லை. ஆய்வாளர்கள் இதனை நெடுங்காலமாகச் சுட்டி வந்துள்ளனர். காரணம் பலவாறு ஊகிக்கப்படுகிறது. சிலர், சீதக்காதி நூலுக்கு உதவினார் என்னும் செய்தியே பிற்காலக் கற்பனை என்பர். சிலர், கையில் இருக்கும் பணியை முடிக்க உதவியவரைப் பாடுவதே புலவர் வழக்கம் என்பர். நாம் இவற்றுள் எதனையும் உறுதியாகச் சொல்லும் தகுதியுடையோம் அல்லோம். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. நூலுக்குள் இருபதுக்கு மேற்பட்ட முறை போற்றப்பட்டதாகக் கணக்கிடப்படும் அபுல் காசிமை இன்று நூலைப் படித்தவர் மட்டுமே அறிவர். நூலில் இல்லாத சீதக்காதியை நூலின் பெயரைக் கூடக் கேட்டறியாதவரும் அறிவர். அடக்கவிடத்திலிருந்து கை நீண்டு, நாடி வந்த புலவருக்கு மோதிரம் அளித்தது என்னும் கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். எழுதப்பட்ட நன்றி ஒரு வழியில் சென்றது. எழுதப்படாத நன்றி வேறொரு வழியில் சென்றது. இவ்விரண்டில் எது பெரிது என்று பட்டிமன்றம் வைக்கலாம். நடுவராக அமர நாம் ஒப்பமாட்டோம்.

அதே சீறா அச்சு வாகனம் ஏறியது 1842இல். காயல்பட்டினத்துச் செய்கப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி அப்பணியை நிறைவேற்றினார். புலவர் நாயகம் என்று அவரைப் போற்றுவர். ஏடு தேடியவர் நமக்குத் தெரிகிறார். ஏடு கொடுத்தவர்கள் எத்தனை பேரோ.

ஏடு கொடுத்தவர்களை மறவாமல் எழுதிவைத்தவர் டாக்டர் உ.வே.சாமிநாதையர். சீவக சிந்தாமணி 1887இலும் பத்துப்பாட்டு 1889இலும் புறநானூறு 1894இலும் அவர் பதிப்பில் வெளிவந்தன. அப்பதிப்புகளின் முகவுரைகளை மாணவர்கள் பெரும்பாலும் புரட்டிவிட்டு நூலுக்குப் போய்விடுகிறார்கள். சற்று நின்று படிக்க வேண்டும். எந்த ஊரில் எவரிடமிருந்து ஏடு கிடைத்தது என்பதை ஐயர் எழுதியிருப்பார். சிந்தாமணியின் பக்கம் தம்மைத் திருப்பிவிட்ட சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. நன்மையை உரைப்பதுதான் நன்றியுரை என்று மேலே கூறினோமே, அதற்கு உரைநடையில் இலக்கணம் காண விரும்புவோர் அம்முகவுரைகளைக் காண்க.

நூலின் மரபு இவ்வாறு இருக்க, விழாவின் நிலைக்கு வருவோம். ஒரு நூலுக்குப் புரவலர் ஒருவர் இருந்தால் போதும். முத்தமிழ் விழாவுக்கு அது போதாது. இயல், இசை, நாடகம் என மூன்றும் ஒரே மேடையில் ஏறும்பொழுது வேலை மூன்று மடங்காவதில்லை, முப்பது மடங்காகிறது.

ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டிமன்றத்துக்கு நடுவருக்கு ஒன்றும் இரு அணிக்கும் ஒவ்வொன்றுமாக மூன்று ஒலிவாங்கிகள் இருந்தால் நடத்திவிடலாம். கவியரங்கத்துக்கு ஒன்றே போதும். வில்லுப்பாட்டு அவ்வாறன்று. வில், உடுக்கு, குடம், தாளம், பாடுவோர், பின்பாட்டு என ஒவ்வொன்றின் ஓசையும் வேறு. குடத்துக்கு அருகில் வைத்த ஒலிவாங்கியைச் சற்று நெருக்கிவிட்டால் பாட்டு குடத்துக்குள் போய்விடும். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசையே மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுந்தால் காதைக் கிழிக்கும் ஊளை எழும். அவ்வூளை எழாமல் மூன்று மணி நேரமும் மேடையின் ஓரத்தில் ஒரு மர முக்காலியில் அமர்ந்து திருகிகளின் மேல் விரலை வைத்திருப்பவரை அவையில் ஒருவரும் பார்ப்பதில்லை. ஊளை எழுந்தால் மட்டும் ஆயிரம் தலைகள் அவர் பக்கம் திரும்பும். பணி செவ்வையாக நடந்தால் மறக்கப்படுவதும் தவறினால் நினைக்கப்படுவதும் அவர் தொழிலின் விதி. பறையாட்டக் குழுவினர் மட்டும் அவருக்கு வேலை வைப்பதில்லை. அவர்களுடைய ஓசைக்கு எந்தக் கருவியின் துணையும் வேண்டியதில்லை.

நாடகம் என்றால் இன்னொரு பட்டியல். கண்ணகியாக நடித்த மாணவிக்குத் தம் கல்யாணப் பட்டுப்புடவையைக் கொடுத்தனுப்பியவர் இன்னொரு மாணவியின் தாயார். அப்புடவை விளக்கெண்ணெய்க் கறையுடன் திரும்பிச் சென்றது. அவ்வம்மையார் அதுபற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதனாலேயே அதனை இங்குச் சொல்ல வேண்டியதாகிறது. பாண்டியன் அவையில் உடைக்கும் சிலம்பு, மண்ணால் செய்து வெள்ளி வண்ணம் பூசப்பட்டது. ஒத்திகைக்கு நான்கு, நிகழ்ச்சிக்கு ஒன்று என ஐந்து சிலம்புகள் செய்து தந்த குயவர் காசு வாங்க மறுத்தார். ஐந்தாவது சிலம்பு உடையாமல் உருண்டு சென்றது தனிக்கதை. பாண்டியனாக நடித்தவர் அதனைத் துரத்திப் பிடித்து உடைத்தார், அவை கைதட்டியது.

உணவைப் பற்றி நீட்டி எழுதினால் மலர்க்குழுவினர் நகைப்பர். பண்டாரியும் அவருடைய ஆட்களும் வைகறையிலேயே தேக்சாவை ஏற்றிவிட்டனர் என்பதையும், சைவ உணவு உண்ணும் விருந்தினர்க்குத் தனியடுப்பும் தனிப்பாத்திரமும் கேளாமலே ஏற்பாடு செய்திருந்தனர் என்பதையும் மட்டும் குறிப்போம்.

விளம்பரம் தந்தோரையும் குறிக்க வேண்டும். நீங்கள் கையில் வைத்திருக்கும் இம்மலரின் அச்சுச் செலவு அவர்கள் தந்தது. முழுப்பக்கம், அரைப்பக்கம், கால்பக்கம் என மூன்று அளவுகளில் 'விழா சிறக்க வாழ்த்துகிறோம்' என்று அச்சிடும் ஜவுளிக்கடையாரும் பாத்திரக்கடையாரும் அதனால் ஒரு முழத் துணியோ ஒரு குடமோ கூடுதலாக விற்றிருப்பார்கள் என்று நாம் நம்பவில்லை. அவர்களும் நம்பவில்லை. இருந்தும் மாணவர்கள் இரசீதுப் புத்தகத்துடன் படியேறியபொழுது அமரச் சொல்லித் தேநீர் வாங்கிக் கொடுத்தனர்.

பெயர்களைப் படிப்பதில் உள்ள இடர்ப்பாடு ஒன்றையும் சொல்லிவிடுவோம். தலைப்பெழுத்து ஒன்று மாறினால் வருத்தம் வரும். 'அல்ஹாஜ்' விடுபட்டால் வருத்தம் வரும். மூன்றாவதாகப் படிக்கப்பட வேண்டியவர் ஐந்தாவதாகப் படிக்கப்பட்டால் வருத்தம் மட்டுமன்று, அடுத்த ஆண்டின் நன்கொடையும் குறையும். ஆகவே நன்றியுரை எழுதுவோர் தம் கவனம் முழுவதையும் தவறு வந்தால் கேள்வி கேட்கக்கூடியவர்களின் பெயர்களிலேயே செலுத்திவிடுகின்றனர். கேள்வி கேட்க மாட்டாதவர்களுக்கு 'மற்றும் உதவிய அனைவருக்கும்' என்னும் ஒரு தொடர் போதும் என்றாகிவிடுகிறது. அத்தொடர் எவ்வளவு பெரிய மூடுசீலை என்பதை நாம் உணர்ந்தது ஒரு கைலியினால்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த விழா அது. விழாவையொட்டி இஸ்லாமியத் தமிழ் நூற்கண்காட்சி ஒன்றை அமைத்தோம். கடற்கரை ஊர் ஒன்றில் வாழும் குடும்பத்தார் மூன்று தலைமுறையாகக் காத்து வந்த நூல்களை நம்மை நம்பிக் கொடுத்தனர். மொத்தம் 41 நூல்கள். கிஸ்ஸாக்கள், முனாஜாத்துகள், மாலைகள், படைப்போர்கள். அவற்றுள் பாதிக்கு மேல் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ்க் கல்லச்சு நூல்கள். தாள் பழுப்பேறித் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தது. அத்தகைய நூலில் ஈரம் பட்டால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் எழுத்து மறுபக்கத்துக்குப் போய்விடும். வேறெங்கும் மறுபடி இருக்கிறதோ இல்லையோ என்று சொல்லத்தக்க நூல்களும் அவற்றுள் இருந்தன. விழாவுக்கு முதல் நாள் மாலை அவற்றை அரங்கின் சுவரோரம் மேசைகளில் அடுக்கி, மேலே வெள்ளைத் துணி விரித்து, அரங்கைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீடு சென்றோம்.

மாசி மாதம். மழையை எவரும் எதிர்பார்க்கவில்லை. அன்றிரவு பெய்தது.

காலையில் அரங்கைத் திறந்தபொழுது சுவரோர மேசைகள் இரண்டு நனைந்திருந்தன. நூல்கள் அங்கே இல்லை. நடுவிலிருந்த மேடையின் மேல், உயர்ந்த இடத்தில், சிறு சிறு கட்டுகளாகத் துணியில் பொதியப்பட்டிருந்தன. குழுவில் எவரோ முன்யோசனையுடன் மாற்றிவைத்தனர் என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொண்டோம். விருந்தினர் வரும் நேரம், கேட்க நேரமில்லை. கண்காட்சி நடந்தது, பலரும் பாராட்டினர். மாலையில் நன்றியுரை ஆற்றியவர் நாமே. நூல்கள் தந்த குடும்பத்தாருக்கும், மேசைகள் தந்த துறைக்கும், கண்காட்சியைத் திறந்து வைத்த பெருமகனாருக்கும் நன்றி கூறினோம். பிறகு 'மற்றும் உதவிய அனைவருக்கும்' என்றோம்.

நூல்களைத் திருப்பிக் கொடுத்த பத்தாம் நாள் அக்குடும்பத்துப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். எல்லா நூல்களும் எண்ணிக்கைப்படி வந்துவிட்டன, ஆனால் பொதியில் கட்டம்போட்ட பழைய கைலி ஒன்றும் இருக்கிறது, அது எங்களுடையது அன்று, யாருடையதோ கேட்டு அனுப்பட்டுமா என்றார். கட்டம்போட்ட கைலி எவருடையது என்று குழுவினர் ஒவ்வொருவரையும் வினவினோம். எவருடையதும் அன்று. அப்பொழுதுதான் நூல்களை மேடைக்கு மாற்றியவர் யார் என்பதும் எவருக்கும் தெரியாது என்பது வெளிப்பட்டது. விசாரித்ததில் ஒருவரை அடைந்தோம். அவர் விழாக்குழுவினர் அல்லர். அவர் யார், எப்பணியினர் என்பதை இங்கு எழுதோம். காரணம் அவரே கூறினார்.

இரவு மழை வலுத்தபொழுது அவ்வழியே வந்தவர், அரங்கின் சாளரம் ஒன்று காற்றில் திறந்து அடித்துக்கொள்வதைக் கண்டிருக்கிறார். உள்ளே பழைய புத்தகங்கள் இருப்பதை மாலையில் பார்த்திருந்தார். பூட்டிய அரங்கை இரவில் திறக்கும் உரிமை அவருக்கு இல்லை. எவ்வாறு உள்ளே சென்றார் என்று நாம் கேட்கவில்லை. 41 நூல்களையும் ஒவ்வொன்றாக இரு கைகளிலும் ஏந்தி மேடைக்குக் கொண்டுபோய் வைத்து, விரித்திருந்த வெள்ளைத் துணிகளில் உலர்ந்தவற்றைத் தேர்ந்து பொதிந்திருக்கிறார். துணி போதாமல் கடைசிக் கட்டுக்குத் தம் பையிலிருந்த மாற்றுக் கைலியைப் பயன்படுத்தியிருக்கிறார். சாளரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டு வெளியேறியிருக்கிறார். மறுநாள் நாம் நன்றியுரை ஆற்றியபொழுது அவரும் பின்புறம் நின்று கேட்டிருக்கிறார்.

நாம் நாணினோம். அடுத்த விழாவில் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவோம் என்றோம், மலரில் நிழற்படத்துடன் எழுதுவோம் என்றோம்.

"பேரெல்லாம் போடாதீங்க சார். ராத்திரி யாரைக் கேட்டுத் தொறந்தேன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றார்.

அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. விதியை வகுத்தவர்களிடமும் நியாயம் இருந்தது. இரவில் எவரும் அரங்கைத் திறக்கலாம் என்றால் எந்தப் பொருளுக்கும் காவல் இல்லை. நாம் மேலிடத்தில் பேசிப் பார்க்கிறோம் என்று கூறியதற்கும் அவர் இசையவில்லை. நல்லெண்ணத்தில் தொடங்கும் பேச்சு எங்கே முடியும் என்பதை நம்மினும் அவர் நன்கறிந்திருந்தார்.

அன்றுமுதல் இவ்விடர்ப்பாடு நம்மை விடவில்லை. நன்றி கூறல் என்பது மூடியதைத் திறந்து காட்டுவது என்று மொழி சொல்கிறது. திறந்து காட்டினால் நன்மை செய்தவருக்கே தீங்கு வரும் என்னும்போது என் செய்வது? தருமத்தை வெளிப்படையாகச் செய்வது நன்று, மறைவாக வறியவர்க்கு அளிப்பது அதனினும் நன்று என்று திருமறை கூறுவது கொடுப்பவருக்கான நெறி. பெற்றவருக்கு அதில் விலக்கு உண்டா? மார்க்கம் கற்ற நண்பர் ஒருவரிடம் கேட்டோம். செயலைச் சொல்லுங்கள், ஆளைக் கேட்டவரிடம் சொல்லாதீர்கள், அவருக்காகத் துஆ செய்யுங்கள் என்றார். அவ்விடை நமக்கு முழு நிறைவு தரவில்லை; ஆனால் அதனினும் நல்ல விடை இதுவரை கிடைக்கவுமில்லை. சில ஆண்டுகள் கழித்து அவரிடம் மீண்டும் இசைவு கேட்டு, பெயரும் பணியும் ஆண்டும் இன்றிச் செயலை மட்டும் எழுதுவதாக வாக்களித்த பின்னரே இப்பகுதியை எழுதுகிறோம். ஆண்டைக் கணித்து அறிய முற்படுவோரை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்: முற்பட வேண்டா.

இவ்வாண்டு விழாவின் நன்றியுரைப் பட்டியலை மாணவர்களே தயாரித்தனர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் செய்தது இன்னது என்று ஒரு வரி எழுத வேண்டும், எழுத முடியாத பெயரை நீக்கிவிடலாம் என்று மட்டும் கூறினோம். நீக்க வேண்டிய பெயர்கள் சில இருந்தன. அவற்றை எவ்வாறு சமாளித்தோம் என்பது துறைக்குள் இருக்கட்டும். புதிதாகச் சேர்ந்தவை பதினான்கு. முக்காலியில் அமர்ந்திருந்தவரும் பட்டுப்புடவை தந்த தாயாரும் குயவரும் அவற்றுள் அடங்குவர். நன்றியுரையைச் சிறப்புரைக்கு முன்பே வைத்துவிட்டோம். சிறப்பு விருந்தினர் முதலில் வியந்தார், பிறகு அவரும் அமர்ந்து கேட்டார்.

கைலியை அக்குடும்பத்தார் துவைத்து மடித்து, அதனுடன் புதிய கைலி ஒன்றும் வைத்து அனுப்பியிருந்தனர். இரண்டையும் அவரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தோம். பழையதை எடுத்துக்கொண்டு புதியதை மேசைமேல் வைத்தார். நெடுநேரம் வற்புறுத்திய பின் அதனையும் எடுத்துக்கொண்டார். எழுந்து வரும்பொழுது, புத்தகம் எதுவும் நனைந்துவிடவில்லையே என்று கேட்டார். முனாஜாத்து நூல் ஒன்றின் பின்னட்டையில் ஓர் ஓரம் மட்டும் நனைந்திருந்தது, எழுத்துக்குப் பழுதில்லை என்றோம். அது சாளரத்தை ஒட்டிய மேசையில் இரண்டாவதாக இருந்த நூல்தானே என்று கேட்டார். ஆம், அதுதான்.